ஐம்பதுக்கு மேல் வேகம் எங்கே போகிறது?

ஐம்பது தாண்டிய ஓட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். போன வருஷத்தைவிட இந்த வருஷம் நேரம் கூடியிருக்கிறதே, இது வயசா, பயிற்சி போதவில்லையா? ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் ஓட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் முட்டியைச் சொல்வார், ஒருவர் தூக்கத்தைச் சொல்வார், இன்னொருவர் "எல்லாம் மனசுதாங்க" என்பார். எனக்கு இந்த மூன்று பதிலிலும் திருப்தி இல்லை. போன வேகத்தில் வயது எடுத்துக்கொண்டது எவ்வளவு, நாமாக விட்டது எவ்வளவு, நமக்குக் கிடைக்காமலே போனது எவ்வளவு என்று ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு 56 வயது. கோவையில் வங்கி வேலை. எண்பதுகளின் கடைசியில் கல்லூரிக்காக 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடினேன். பெண்களுக்கு அப்போது 5000 மீட்டர் பெரிய போட்டிகளில் கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பிலேயே 1995இல்தான் 3000 போய் 5000 வந்தது. மண் தரை, சுண்ணாம்புக் கோடு, கேன்வாஸ் ஷூ. 3000 மீட்டரில் என் சிறந்த நேரம் 10 நிமிடம் 52 விநாடி. அப்புறம் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் நீண்ட நோய் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டமே இல்லை. நாற்பது தாண்டித்தான் மறுபடி ஆரம்பித்தேன். 47 வயதில் 10 கிலோமீட்டரை 50 நிமிடம் 20 விநாடியில் முடித்தேன். திரும்பி வந்த பிறகு அதுதான் என் சிறந்த நேரம். போன டிசம்பரில் அதே தூரத்துக்கு 54 நிமிடம் ஆனது. ஒன்பது வருஷத்தில் மூன்று நிமிடம் நாற்பது விநாடி, அதாவது ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வருஷக் கணக்கில் போட்டால் 0.8 சதவீதம்.

இது அதிகமா, குறைவா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் எட் விட்லாக்.

1931இல் லண்டனில் பிறந்தவர். கனடாவுக்குப் போய்ச் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்து, ஒன்டாரியோ மாகாணத்தில் மில்டன் என்கிற ஊரில் குடியிருந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி, மெதுவாக, சில காலங்களில் தினமும் மூன்று மணி நேரம் வரை ஓடுவார். இதுதான் அவருடைய பயிற்சி. இன்டர்வல், அதாவது வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடும் பயிற்சி கிடையாது, ஜிம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அடிக்கடி 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் பந்தயங்களில் ஓடினார், முழு வேகத்தில். வேகப் பயிற்சி செய்யாதவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அவருக்குப் பந்தயமே வேகப் பயிற்சி.

48 வயதில் அவருடைய மாரத்தான் நேரம் 2 மணி 31 நிமிடம் 23 விநாடி. 2003இல், 72 வயதில், 2:59:10 ஓடினார். எழுபது தாண்டிய ஒருவர் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தது அதுதான் முதல் முறை. அடுத்த வருஷம் டொரன்டோவில் இன்னும் வேகமாக 2:54:48. 2011இல், 80 வயதில், 3:15:54. 2016இல், 85 வயதில், 3:56:34. 85 வயதில் நாலு மணி நேரத்துக்குள் ஓடிய முதல் ஆளும் அவர்தான்.

இந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள். 48இலிருந்து 73 வரை 25 வருஷத்தில் அவர் இழந்தது 23 நிமிடம், வருஷத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. 73இலிருந்து 80 வரை ஏழு வருஷத்தில் 21 நிமிடம், வருஷத்துக்கு மூன்று. 80இலிருந்து 85 வரை ஐந்து வருஷத்தில் 40 நிமிடம், வருஷத்துக்கு எட்டு. வயதுப் பிரிவு உலகச் சாதனைகளை வரிசைப்படுத்தினாலும் ஏறக்குறைய இதே வடிவம்தான் கிடைக்கும். முப்பத்தைந்திலிருந்து எழுபது வரை மெல்லிய சரிவு, அதற்குப் பிறகு செங்குத்து. விட்லாக்கின் கடைசி எண்ணை மட்டும் நான் வயதின் கணக்கில் முழுசாக எழுத மாட்டேன். அந்த ஓட்டத்துக்கு ஐந்து மாதம் கழித்து, 2017 மார்ச்சில், புரோஸ்டேட் புற்றுநோயில் அவர் இறந்துபோனார்.

நல்ல வருஷங்களில் விட்லாக் இழந்தது வருஷத்துக்கு 0.6 சதவீதம். நான் இழந்தது 0.8. நடுவில் இருக்கும் அந்த 0.2க்கு என்ன காரணம் என்பதுதான் என்னை விடாமல் யோசிக்க வைத்தது.

முதலில், யாராலும் தடுக்க முடியாததைச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் உச்சத் துடிப்பு. முழு பலத்தோடு ஓடும்போது ஒரு நிமிடத்தில் இதயம் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பது வயதோடு இறங்கிக்கொண்டே வரும். 220இலிருந்து வயதைக் கழி என்று எல்லாரும் சொல்லும் கணக்கைவிட, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கு மூத்தவர்களுக்குப் பொருந்தி வரும். 2001இல் வந்த கணக்கு அது. அதன்படி எனக்கு 169 வர வேண்டும். துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை கட்டி ஏற்றத்தில் முழு மூச்சாக ஓடிப் பார்த்தபோது 172 காட்டியது. 47 வயதில் இதே பட்டையில் 181 பார்த்திருக்கிறேன். தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் போலத்தான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாய்க்காலில் ஓடும். பயிற்சியால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தின் அளவைக் கூட்டலாம், காப்பாற்றலாம். துடிப்பின் உச்ச எண்ணிக்கையை மட்டும் எந்தப் பயிற்சியாலும் பிடித்து வைக்க முடியாது.

இதனால்தான் வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிடத்தில் உச்சபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, எல்லாருக்கும் குறைகிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பத்து வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம். விடாமல் கடினமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அதில் பாதி அளவுக்குக் குறைத்துக்கொள்ள முடிகிறது. அமெரிக்காவில் மைக்கேல் பொலாக் என்பவரின் குழு மூத்த தடகள வீரர்களைப் பத்து வருஷம் கழித்து மறுபடி அழைத்துச் சோதித்து 1987இல் முடிவுகளை வெளியிட்டது. போட்டிக்கான கடுமையை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஓட்டத்தை விடாமல் கடுமையை மட்டும் விட்டவர்களுக்கு அது இறங்கியிருந்தது. உச்சத் துடிப்போ இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். வயது எடுத்ததும் நாம் விட்டதும் ஒரே மேசையில் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, வேறு எதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் குறையாது? ஓட்டச் சிக்கனம். ஒரே வேகத்தில் ஓட உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்பது. பயிற்சியை விடாதவர்களுக்கு அது அறுபது வரைக்கும்கூடப் பெரிதாகக் கெடுவதில்லை. தன் உச்சத்தின் எத்தனை சதவீதத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதும் அப்படித்தான். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலேவை எடுத்துக்கொள்ளுங்கள். 5000 மீட்டரில் அவருடைய சிறந்த நேரம் 12:37.35, ஓடியபோது அவருக்கு 21 வயது. மாரத்தானில் சிறந்த நேரம் 2:01:41, 2019இல் பெர்லினில், 37 வயதில். 2024இல் லண்டனில் 41 வயதில் 2:04:15 ஓடி இரண்டாம் இடம். ஒரே உடம்பு. குறுகிய தூரத்துக்கு உச்சம் இருபதுகளின் தொடக்கத்தில், நீண்ட தூரத்துக்கு உச்சம் முப்பதுகளின் பிற்பகுதியில். கார்லோஸ் லோபஸ் 1984 ஒலிம்பிக் மாரத்தானை 37 வயதில் வென்று, அடுத்த வருஷம் 38 வயதில் உலகச் சாதனையும் வைத்தார். ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியபோது அவருக்கும் 38. "முப்பத்தஞ்சு ஆச்சு, இனி என்ன" என்று எங்கள் குழுவுக்கு வரும் சின்னப் பசங்க சொல்லும்போது இந்தப் பெயர்களைச் சொல்லி வைப்பேன்.

அடுத்து கால். எங்கள் குழுவில் 71 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நேரு ஸ்டேடியத்தில் 400 மீட்டர் சுற்றுகள் ஓடும் நாள் ஒன்றில், நாலாவது சுற்று முடிந்து இடுப்பில் கை வைத்து நின்றவர் சொன்னார்: "மூச்சு இருக்குது கண்ணு, காலுதான் கேக்க மாட்டேங்குது." ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் அதுதான். வயதாக ஆக வேகத் தசை நார்கள் மெலிகின்றன, அவற்றை இயக்கும் நரம்பு செல்களில் ஒரு பகுதி இறந்துபோகிறது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் சேர்ந்து தரையை உதைத்துத் தள்ளும் விசை குறைகிறது. நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு அடியின் நீளம்தான் சுருங்குகிறது.

இதை என் கண்ணாலேயே பார்த்தேன். என் மகள் பக்கவாட்டிலிருந்து என்னை ஃபோனில் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். பக்கத்துத் தடத்தில் கோச்சிடம் பயிற்சி பெறும் கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரின் கால்களும் ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் விழுந்தன. ஆனால் அவளுடைய பின்னங்கால் தரையை விடும்போது கணுக்கால் முழுசாக நீண்டு, பெருவிரல் கடைசியாகத் தரையை விட்டுக் கிளம்பியது. குதிகால் அப்படியே தொடைக்குப் பின்னால் மடங்கி ஏறியது. எனக்கோ கணுக்கால் பாதி நீளும்போதே பாதம் தரையை விட்டுவிட்டது. குதிகால் முழங்கால் உயரத்தைக்கூடத் தொடவில்லை. தள்ளி எழும்புவதற்குப் பதிலாகத் தூக்கி வைக்கிறேன். நின்று நின்று ஓடிய அந்தப் படத்தில், வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு அடியிலும் அந்தச் சாண். அதைப் பார்த்த பிறகு என் நிமிடங்கள் எங்கே போகின்றன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து மொட்டை மாடிப் படியின் கடைசிப் படியில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நின்று, குதிகாலைக் கீழே இறக்கி, மூன்று எண்ணி மேலே ஏற்றுகிறேன். முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால், பிறகு முதுகில் பள்ளிக்கூடப் பை, பைக்குள் ஐந்து கிலோ அரிசி. காலையில் குக்கர் விசில் வரும் நேரத்துக்குள் முடிந்துவிடும். முழங்கால் நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை, இரண்டும் வேண்டும், ஏனென்றால் கெண்டையின் மேல் தசையும் அடித் தசையும் வேறு வேறு. குதிகால் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும், மாதக் கணக்கில். ஐம்பது தாண்டியவர்களுக்குக் கெண்டைக்காலிலும் குதிகாலிலும்தான் அடி அதிகம் படுகிறது என்பதால், ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

இப்போது நம் ஊரில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயத்துக்கு வருகிறேன்.

50இலிருந்து 53 வரை என் ஓட்டம் எனக்கே புரியாமல் போனது. மாதவிடாய் நின்றது 51இல். அதற்கு முன்பும் பின்பும் நடுராத்திரியில் உடம்பு கொதித்து விழிப்பு வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணிக்கு ஷூ கட்ட வேண்டும். ஞாயிறு நீண்ட ஓட்டம் பழையபடிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம் மட்டும் ஒவ்வொரு வாரமும் நழுவியது. என் கோச் முப்பதுகளில் இருக்கும் பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "அக்கா, ஏதாவது டென்ஷனுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவனுக்கு என்ன காரணம் என்று சொல்ல எனக்கு அப்போது ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவன் படித்த கோச்சிங் பாடத்திலும் இது இல்லை.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தி வேகமாகக் கரைகிறது, தசையை வளர்ப்பதும் காப்பதும் கடினமாகிறது, தூக்கம் உடைகிறது. தூக்கம் உடைந்தால் மறுநாள் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையும் உடைகிறது. ஆண்களுக்கு ஹார்மோன் மாற்றம் பல பத்தாண்டுகளில் மெல்ல நடக்கிறது. நமக்கு நாலைந்து வருஷத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஒரே ஒரு நல்லதும் இதில் நடந்தது. நாற்பதுகளில் என் ஃபெரிட்டின் அளவு, அதாவது உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு, 14இல் இருந்தது, இரும்புச் சத்து மாத்திரை இல்லாமல் ஒரு சீசனை முடித்ததில்லை. மாதாமாதம் ரத்தம் போவது நின்ற பிறகு அது தானாக 60ஐத் தாண்டியது.

என் ஒன்பது வருஷச் சரிவை நேர்கோடாகப் போட்டது அதனால்தான் பொருந்தாது. மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் பெரும்பகுதி அந்த மூன்று வருஷத்தில் போனது. அதற்கு முன்பும் பின்பும் என் சரிவு விட்லாக்குடையதைவிடக் குறைவு. அந்த 0.2க்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் ஏறக்குறைய இதுதான் என்று நம்புகிறேன். அந்த வருஷங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது, இது சோம்பல் கிடையாது, முடிவும் கிடையாது. தூக்கம் போய், மாதவிடாய் முறை மாறி, வேகம் மட்டும் தனியாகக் குறைந்தால் பெண் மருத்துவரிடம் போய் ஓட்டக்காரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோச்சிடமும் சொல்லுங்கள். நான் கடைசியில் சொன்னேன். அவன் அன்றைக்கே என் வாரத்தை மாற்றி எழுதினான்.

முட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மருத்துவர் என் எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்காமல் "இந்த வயசுல ஓடினா முட்டி தேஞ்சிரும், நடங்க போதும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. உயர்மட்டப் போட்டிக்காரர்களில் 13.3 சதவீதம். அந்த மூன்றாவது எண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் முதல் கூட்டம்.

இனி, நமக்குக் கிடைக்காமல் போனது. வயதுவாரி மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏஜ் கிரேடிங் என்பார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் உலகத்தின் சிறந்த நேரம் இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு அட்டவணை. அந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்தால் சதவீதம் வரும். 60 என்றால் உள்ளூர்த் தரம், 70 வட்டாரத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம் என்று ஒரு பொதுக் கணக்கு. 47 வயதில் என் 10 கிலோமீட்டருக்கு 68ஐ ஒட்டி வந்தது. 56 வயதில் 54 நிமிடம் ஓடியதற்கு 70ஐ ஒட்டி வருகிறது. மெதுவாக ஓடி மதிப்பெண் கூடியிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்த அட்டவணை எதிலிருந்து வந்தது என்று யோசித்தேன்.

அது ஓடியவர்களின் நேரங்களிலிருந்து வந்தது. ஓடவிடாதவர்களின் நேரம் அதில் எப்படி இருக்கும்? ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டர் 1972இல்தான் வந்தது. 3000 மீட்டரும் மாரத்தானும் 1984இல். பாஸ்டன் மாரத்தான் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டதே 1972இல். 1967இல் எண் கட்டிக்கொண்டு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் போட்டி நிர்வாகி ஒருவர் நடுவழியில் பிடித்துத் தள்ளப் பார்த்த புகைப்படம் நிறையப் பேர் பார்த்தது. அதே ஸ்விட்சர் ஐம்பது வருஷம் கழித்து 2017இல், 70 வயதில், அதே 261 என்ற எண்ணோடு பாஸ்டனை 4 மணி 44 நிமிடத்தில் ஓடினார். 1967இல் அவருக்கு ஆனது சுமார் 4 மணி 20 நிமிடம். அரை நூற்றாண்டுக்கு 24 நிமிடம்.

அறுபது, எழுபது வயதுப் பெண்களின் சாதனைகள் ஆண்களுடையதைவிடச் செங்குத்தாக விழுவதைக் காட்டி, பெண்கள் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்வது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. அதில் எவ்வளவு வயது, எவ்வளவு வரலாறு? சின்ன வயதிலேயே நீண்ட தூரப் பயிற்சி பெற முடிந்த முதல் தலைமுறைப் பெண்கள் இப்போதுதான் அறுபதுகளில் நுழைந்திருக்கிறார்கள். அவர்கள் நுழைந்ததுமே எண்கள் நகர்கின்றன. 1984இல் முதல் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானை வென்ற ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன் 1979இல் பாஸ்டனை 2:35:15இல் வென்றவர். நாற்பது வருஷம் கழித்து 2019இல், 61 வயதில், அதே பாஸ்டனில் 3:04:00. ஜப்பானில் சைதாமாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை மரிகோ யுகேதா, நாலு பிள்ளைகளின் அம்மா, 2019இல் அறுபது தாண்டி மூன்று மணிக்குள் மாரத்தான் முடித்த முதல் பெண் ஆனார். 2021 ஜனவரியில் ஒசாகாவில், 62 வயதில், அதை 2:52:13 ஆக்கினார். இவர் இருபதுகளில் ஓடியதைவிட இது வேகம்! தென் கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஜீனி ரைஸ் முப்பத்தைந்து வயதில்தான் ஓடவே ஆரம்பித்தார். 2019இல் பெர்லினில் 71 வயதில் 3:24:48. எழுபத்தைந்து தொட்ட பிறகு அவரை ஆய்வகத்தில் சோதித்தபோது வி.ஓ.2 மேக்ஸ் 48ஐ ஒட்டி இருந்தது. இருபதுகளில் இருக்கும் சாதாரணப் பெண்ணுக்கு அவ்வளவு இருக்காது.

அட்டவணைகளைத் திருத்தத் திருத்த வயதான பெண்களுக்கான அளவுகோல் இறுகிக்கொண்டே போகும். என் 70 அப்போது 67 ஆகலாம். ஆகட்டும். என் தலைமுறையை அளந்த கோல் குட்டையாக இருந்தது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் ஐயாவுக்கும் இது பொருந்தும். அவர் ஓட ஆரம்பித்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அறுபதுகள் முழுக்க ஒவ்வொரு வருஷமும் அவருடைய ஹாஃப் மாரத்தான் நேரம் குறைந்துகொண்டே வந்தது. வயது வருஷத்துக்கு ஒரு சதவீதம் எடுத்தால், புதிதாகப் பயிற்சிக்கு வந்த உடம்பு அதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது. எழுபதுக்குப் பிறகுதான் இரண்டும் சமமாகியிருக்கிறது. அவருடைய உண்மையான வயது இன்னும் ஒன்றிரண்டு கூட இருக்கலாம் என்று அவரே சொல்வார். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் ஆதாரிலும் இருக்கிறது. பஞ்சாபில் பிறந்து லண்டனில் ஓடிய ஃபௌஜா சிங் 2011இல் நூறு வயதில் டொரன்டோ மாரத்தானை முடித்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. 1911இல் ஒரு கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? ஓடிய தூரம் குறையவில்லையே. போன வருஷம், 2025 ஜூலையில், அவர் தன் சொந்த ஊரில் சாலையில் கார் மோதி இறந்தார் என்ற செய்தி வந்த அன்றைக்கு எங்கள் குழுவில் யாரும் வேகமாக ஓடவில்லை.

என் வாரம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. நாற்பதுகளில் செவ்வாயும் வெள்ளியும் வேக ஓட்டம். இப்போது ஒரு கடின ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூன்று நாள், சில சமயம் நாலு நாள் விடுகிறேன். வாரத்துக்கு ஒரு வேக ஓட்டத்தை மட்டும் விடுவதில்லை. 400 மீட்டர் ஆறு சுற்று, அல்லது மருதமலை அடிவாரத்துச் சாலையில் ஏற்றத்தில் குறுகிய ஓட்டங்கள். ஏற்றம் எனக்கு ரொம்பவே ஒத்துப்போகிறது. தரையைத் தள்ள வேண்டிய கட்டாயம் இருக்கிறது, தரையிறங்கும் அடியின் அதிர்ச்சி குறைவு. சமதரையில் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு நாளைக்குக் கெண்டைக்கால் இறுகிக்கிடக்கும், ஏற்றத்தில் அப்படி ஆவதில்லை.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம். வயதான தசை ஒரு வேளைக்குக் கிடைக்கும் புரதம் கொஞ்சமாக இருந்தால் அதைக் கண்டுகொள்வதில்லை, இளம் உடம்பைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. 50 கிலோ எடையுள்ள எனக்கு ஒரு வேளைக்கு 20 கிராமாவது வேண்டும். நாலு இட்லியும் சட்னியும் அதில் பாதியைக்கூடத் தராது. இப்போது ஓடிவிட்டு வந்ததும் இரண்டு முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால், அதற்கப்புறம்தான் இட்லி. மதியம் கொள்ளுப் பருப்போ பச்சைப்பயறோ இல்லாமல் சாப்பாடு கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் கொள்ளு பிடித்துப்போனது.

இந்த டிசம்பரில் மறுபடி 10 கிலோமீட்டர். கோச் வேக ஓட்டத்தைப் பத்து நாளைக்கு ஒன்று என்று குறைக்கச் சொல்கிறான். நான் ஏழு நாளைக்கு ஒன்றில் நிற்கிறேன், இதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. செப்டம்பர் கடைசி வரை அவன் சொல்கிறபடி, அக்டோபரிலிருந்து நான் சொல்கிறபடி என்று இப்போதைக்கு ஒப்பந்தம். இரண்டு காலத்திலும் ஒரே ஏற்றத்தில் ஒரே மாதிரி ஓடி நேரத்தைக் குறித்து வைக்கப் போகிறேன். 53:30க்குள் வர வேண்டும் என்பது என் குறி.